இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் ஆயிலை லேபுக்கு அனுப்புங்கள்

என் இன்னோவா 2009 மாடல், 2.5 லிட்டர் டி-4டி டீசல். இன்றைக்கு 4,11,000 கிலோமீட்டரில் நிற்கிறது, இன்ஜினை இதுவரை ஒருமுறைகூட இறக்கிப் பிரித்து வேலை பார்த்ததில்லை. 3,62,000-இல் இறக்கியிருக்க வேண்டியது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்னால் லேசாக நீலப் புகை, ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரிலிருந்து கசிந்து வரும் வாயு. பல வருடமாக வண்டி பார்க்கிற மெக்கானிக் அண்ணன் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங் செட் போச்சுங்க தம்பி, இறக்கிடலாம்" என்றார். ரிங், ஸ்லீவ், பேரிங், ஹெட் வேலை, லேத் கூலி என்று அவர் போட்ட கணக்கில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கிவிடலாம்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர்தான், ஆயிலை லேபில் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்டார். போர் போடப் போன இடத்தில் கம்ப்ரஸர் மடக்கென்று நின்றுவிட்டால் அவருக்கு வாரக்கணக்கில் வருமானம் போய்விடும், அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து அனுப்பிவிடுவாராம். ரயில்வேக்காரர்கள் அமெரிக்காவில் 1940-களிலேயே டீசல் லோகோக்களுக்கு இதை ஆரம்பித்துவிட்டார்கள், நம் டீசல் ஷெட்களிலும் இதற்கென்று லேப் உண்டு. விமானம், கப்பல், ஜெனரேட்டர், ஜே.சி.பி. எல்லாவற்றுக்கும் நடக்கிற சங்கதிதான். கார் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் டிப்ஸ்டிக்கை உருவி, "கறுப்பா இருக்கே, மாத்திடலாமா?" என்கிற இடத்திலேயே நிற்கிறோம். டீசலில் புது ஆயில் ஊற்றி இருநூறு கிலோமீட்டர் ஓடினாலே கறுத்துவிடும், அந்த நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, லேபில் என்ன செய்கிறார்கள்? இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசும் இடத்துக்கெல்லாம் ஆயில் போய்வருகிறது, போகும் இடத்தில் தேய்ந்த பொடியையும் எடுத்து வருகிறது. அந்த ஆயிலை ஸ்பெக்ட்ரோமீட்டரில் எரித்தால் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளி விடும், எந்த நிறம் எவ்வளவு என்று அளந்து பி.பி.எம். கணக்கில் எழுதித் தருகிறார்கள், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு. இது எவ்வளவு நுட்பமான அளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னோவாவில் ஏறக்குறைய 7 லிட்டர் ஆயில், எடை 6 கிலோ. ரிப்போர்ட்டில் இரும்பு 50 பி.பி.எம். என்று வந்தால் அந்த மொத்த ஆயிலிலும் கரைந்திருக்கும் இரும்புப் பொடி 0.3 கிராம், பத்துப் பன்னிரண்டு நெல்மணி எடை. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி இன்ஜின் இழந்தது அவ்வளவுதான், அதில் இரண்டு நெல்மணி கூடினாலும் தெரிந்துவிடும்.

உலோகம் தவிர ஆயிலின் தடிமன், அதில் கலந்த டீசல், தண்ணீர், கூலன்ட், கரி, ஆயிலுக்குள் மிச்சமிருக்கும் மருந்துச் சத்து ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட் மாதிரி இல்லை இது, மூணு மாச சராசரி எடுப்பார்களே அந்த மாதிரி. நேற்று வண்டியை மெதுவாக ஓட்டியதால் இன்று ரிப்போர்ட் நன்றாக வந்துவிடாது.

எங்கே கொடுப்பது

கார் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் முழிப்பார்கள். ஆயிலைச் சோதிக்கும் தனியார் லேப்கள் சென்னை மாதிரி பெரிய ஊர்களில் இருக்கின்றன, என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள். மண் அள்ளும் இயந்திரங்களின் டீலர்கள் சிலர் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக லேப் வைத்திருக்கிறார்கள் (கேட்டர்பில்லரின் எஸ்.ஓ.எஸ். திட்டம் இந்த வகைதான்), தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் ஒரு கார் சாம்பிளையும் சேர்த்துப் போட்டுவிடலாம். நிறைய லாரி வைத்திருப்பவர்களுக்கு ஆயில் கம்பெனிகளே இந்த வசதியைச் செய்துகொடுப்பதுண்டு, அப்படி ஒரு லாரிக்காரர் பழக்கம் இருந்தால் இன்னும் சுலபம்.

போனில் பேசும்போது "கார் டீசல் இன்ஜின், ஓடிய ஆயில்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மர் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் பார்த்துப் பழகிய லேப் என்றால் அந்தப் பட்டியலிலேயே உங்களுக்கும் டெஸ்ட் போட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: தேய்மான உலோகங்கள், 100 டிகிரியில் விஸ்காசிட்டி (தடிமன்), டி.பி.என். (அமிலத்தைத் தாங்கும் சக்தி), தண்ணீர், எரிபொருள் கலப்பு, கரி, கூலன்ட். எல்லாம் போட்டால் பில் ஏறும். பணம் யோசனையாக இருந்தால் உலோகம், விஸ்காசிட்டி, எரிபொருள் கலப்பு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பழைய வண்டிக்கு முக்கால்வாசிச் சேதி இந்த மூன்றிலேயே வந்துவிடும்.

சாம்பிள் எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது

நான் முதல் தடவை செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டிலை வீட்டுப் போர் தண்ணீரில் அலசி, நன்றாகக் கவிழ்த்து வைத்தேன் என்ற நம்பிக்கையில் அதிலேயே ஆயிலைப் பிடித்து அனுப்பினேன். ரிப்போர்ட்டில் தண்ணீர் 0.3 சதவீதம், சோடியமும் கொஞ்சம் கூடுதல். தண்ணீரும் சோடியமும் சேர்ந்து வந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் போச்சு என்று எங்கே படித்தாலும் எழுதியிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் லேபில் இருந்த அம்மா போனில் நிதானமாகக் கேட்டார், "சார், பொட்டாசியம் இல்ல, கிளைக்காலும் இல்ல, பாட்டிலை எதுல கழுவுனீங்க?" கூலன்ட் கலந்திருந்தால் அவையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று அவருக்கும் தெரியும் போல. அந்தப் பணம் அப்படியே வீண்.

அதனால் பாட்டில் புதிதாக, காய்ந்ததாக இருக்கட்டும். லேபே கொடுத்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் சாம்பிள் எடுக்க விற்கும் மூடி போட்ட டப்பா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கழுவவே வேண்டாம்.

ஆயில் மாற்றும் நாளில் எடுப்பதுதான் வசதி. வண்டியை இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் பற்றாது. ஆயில் சூடேறி எல்லாப் பொடியும் கலந்த நிலையில் இருக்க வேண்டும், நின்ற பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிட வேண்டும். ட்ரெயின் நட்டைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்ணைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், இதை யாரும் செய்வதில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று செய்யவைக்க வேண்டும். நட்டு கழன்றதும் முதலில் குபீரென்று வருவது சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் படிந்த கசடு, அதை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் போன பிறகு நடுவில் சீராக ஓடும் தாரையில் பாட்டிலைக் காட்டி முக்கால் அளவு பிடியுங்கள். 100 மில்லி தாராளம். ஆயில் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும், கையுறை இல்லாமல் இந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். கீழே வைத்திருக்கும் தட்டிலிருந்து மொண்டு தர விடாதீர்கள். பையன் உதவி செய்வதாக நினைத்து அதைத்தான் செய்வான். அந்தத் தட்டில் காலையில் வந்த ஸ்விஃப்ட், நேற்று வந்த டாட்டா ஏஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆயில் மாற்றும் நேரம் வரவில்லை, இடையில் பார்க்க வேண்டும் என்றால் டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய ட்யூபை விட்டு ஒரு சின்ன பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். ட்யூப் சம்ப்பின் அடியைத் தொடக்கூடாது, டிப்ஸ்டிக்கின் நீளத்தோடு வைத்துப் பார்த்து அளவாக விடுங்கள், ஒவ்வொரு தடவையும் புது ட்யூப்.

பாட்டிலின் மேல் எழுத வேண்டியவை: தேதி, வண்டி மொத்தம் ஓடிய கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் பெயரும் கிரேடும், இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். ஆயில் குடிக்கிற வண்டியில் அதுதான் முக்கியம். ஏழு லிட்டரில் இரண்டேகால் லிட்டர் புதிதாக ஊற்றியிருந்தால் இரும்பு எண்ணிக்கை நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும், டி.பி.என். நன்றாக இருப்பது போலக் காட்டும். குடித்துக் குடித்தே ஆரோக்கியமாகத் தெரிகிற வண்டி!

கூரியரில் எண்ணெய் என்றாலே சிலர் வாங்க மாட்டார்கள். மூடியை டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, முதலிலேயே கேட்டுக்கொண்டு கொடுங்கள். நான் ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன், காலையில் சென்னையில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார். கூடவே முடிந்தால் அதே ஆயில் கேனிலிருந்து ஓடாத புது ஆயிலும் ஒரு பாட்டில், ஒரே ஒரு தடவை. பின்னால் வரும் எல்லா ரிப்போர்ட்டுக்கும் அதுதான் ஆரம்பப்புள்ளி.

ரிப்போர்ட்டைப் படிப்பது

வந்த தாளில் இருபது இருபத்தைந்து வரி இருக்கும். கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் என்று நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருப்பதெல்லாம் ஆயில் கம்பெனி போட்ட மருந்து, பயப்பட வேண்டாம். சிறிய எண்களைத்தான் பார்க்க வேண்டும், அதையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரும்பு எங்கிருந்தும் வரும்: லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவர்), கிராங்க், கேம், செயின், கியர். இரும்போடு குரோமியமும் ஏறினால் ரிங்கும் லைனரும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து. ஈயம், தகரம், செம்பு மூன்றும் கூட்டாக ஏறினால் பேரிங், ஆனால் புதிய இன்ஜின்கள் பலவற்றில் ஈயமே இல்லாத பேரிங்தான் போடுகிறார்கள், அதனால் ஈயம் பூஜ்யம் என்பதால் பேரிங் பத்திரம் என்று அர்த்தமில்லை. செம்பு மட்டும் தனியாக எகிறினால் பெரும்பாலும் ஆயில் கூலர், அது புதிதாக மாற்றியதாக இருந்தால் சில தடவையில் தானே அடங்கிவிடும். சோடியம், பொட்டாசியம் கூலன்ட்டைக் காட்டும் (சில ஆயில்களில் சோடியத்தை மருந்தாகவே சேர்ப்பார்கள், புது ஆயில் சாம்பிள் இங்கேதான் உதவும்). சிலிக்கான் என்றால் மண், தூசி. அலுமினியமும் கூடவே ஏறினால் சந்தேகமே வேண்டாம், ஏனென்றால் மண்ணிலேயே இரண்டும் இருக்கிறது. ஆனால் சமீபத்தில் ஹெட்டோ சம்ப்போ கழற்றி கேஸ்கெட் பேஸ்ட் தடவியிருந்தால் அதிலிருந்தும் சிலிக்கான் வரும், அப்போது அதனுடன் சேர்ந்து இரும்பு ஏறாது.

என் முதல் உருப்படியான ரிப்போர்ட் இது. வண்டி 3,62,000, ஆயில் 9,400 கிலோமீட்டர். இரும்பு 78, குரோமியம் 6, அலுமினியம் 19, செம்பு 9, ஈயம் 4, சோடியம் 5, சிலிக்கான் 46. விஸ்காசிட்டி 14.1, கரி 0.9 சதவீதம், டீசல் கலப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே.

இரும்பைப் பார்த்ததும் மெக்கானிக் சொன்னது சரிதான் என்று தோன்றும். ரிங் தேய்கிறது, உண்மை. ஆனால் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்குப் பதில் கடைசியில் இருந்த 46-இல் இருக்கிறது. புது ஆயிலில் நுரை அடக்கும் மருந்தாகச் சேர்க்கும் சிலிக்கான் ஐந்து, ஆறு இருந்தாலும் பாக்கி நாற்பதும் வெளியிலிருந்து வந்தது. கரூர் பக்கம் கிரஷர் லாரிகள் ஓடுகிற ரோட்டில் வாரத்துக்கு நாலு நாள் போய்வருகிற வண்டி என்னுடையது.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தோம். ஃபில்டர் புதுசு, மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் டப்பாவின் நாலு கிளிப்பில் ஒன்று எப்போதோ உடைந்து, யாரோ கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள், அந்த மூலையில் ஃபில்டரின் ரப்பர் ஓரம் மடங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு விரக்கடை நீளத்துக்கு இடைவெளி. டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினேன், காபிப் பொடி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. ஃபில்டரைத் தாண்டிய பிறகு அங்கே அந்த நறநற இருக்கவே கூடாது. அண்ணன் டார்ச் அடித்து டர்போ இறக்கையின் ஓரத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "டப்பாவையே மாத்திடலாங்க" என்றார்.

டப்பா, ஹோஸ், கிளாம்ப், ஒரிஜினல் ஃபில்டர். இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகையில் இது இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆயிலை மாற்றிவிட்டு 5,000-இல் மறுபடி சாம்பிள் எடுத்தேன்: இரும்பு 27, அலுமினியம் 7, குரோமியம் 2, சிலிக்கான் 15. அடுத்தது 10,000 ஓடிய ஆயில்: இரும்பு 41, அலுமினியம் 8, குரோமியம் 2, சிலிக்கான் 13.

27-லிருந்து 41 ஏறிவிட்டதே என்று பார்க்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு தூரம் ஓடிய ஆயில். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: முதலில் 8.3, பிறகு 5.4, பிறகு 4.1. பாதியாகக் குறைந்திருக்கிறது. (நடுவில் உள்ள 5.4 கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு வடித்தாலும் பழைய ஆயில் ஓரளவு இன்ஜினுக்குள் தங்கிவிடும், அது புது ஆயிலில் தன் இரும்பையும் சேர்த்துக் காட்டும். குறைந்த தூரம் ஓடிய ஆயிலில் இது பெரிதாகத் தெரியும்.)

ஆயில் குடிப்பது நின்றுவிட்டதா? இல்லை. தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான், அது வளராது. இன்றும் நாலாயிரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, ஆனால் நாற்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டராக அந்த அளவு கூடவில்லை. எனக்கு அது போதும். ஒரு லிட்டர் ஆயில் விலையையும் இன்ஜின் வேலையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் போதும். அன்றைக்கு மெக்கானிக் அண்ணன் சொன்னபடி இறக்கி, புது ரிங் போட்டு, அதே உடைந்த டப்பாவை மேலே மாட்டியிருந்தால் அந்தப் புது ரிங்கையும் கிரஷர் தூசி தின்றிருக்கும்.

ஏர் ஃபில்டர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பஞ்சர் கடையில் நிறுத்தி ஏர் அடித்து ஃபில்டரைச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விடுங்கள். அந்த அழுத்தத்தில் காகிதம் கிழியும், ஒவ்வொரு முறை டப்பாவைத் திறக்கும்போதும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் மண் விழும்.

எந்த எண்ணில் கவலைப்படலாம் என்று கேட்பீர்கள். டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாக இரும்பு 100, அலுமினியமும் சிலிக்கானும் 20, 25, ஈயம் 30 வாக்கில் வந்தால் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். இதை ஒரு வேலிக்கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 30-க்குக் கீழே இருந்துகொண்டே 4, 8, 16 என்று ஏறும் ஈயம், வருடக்கணக்கில் 90-இல் அசையாமல் நிற்கும் இரும்பைவிட மோசம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து இன்ஜினை இறக்காதீர்கள், எண் பயங்கரமாக இருந்தால் முதலில் இன்னொரு சாம்பிள். மூன்று ரிப்போர்ட் சேரும்வரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அனுப்புங்கள், பிறகு ஒன்று விட்டு ஒன்று போதும். இடையில் ஆயில் பிராண்டை மாற்றாதீர்கள், மாற்றினால் மருந்து மாறி முதல் ஒன்றிரண்டு ரிப்போர்ட்டில் செம்பும் ஈயமும் காரணமில்லாமல் ஆடும். ஃப்ளஷ் (இன்ஜினை உள்ளே கழுவும் திரவம்) ஊற்றிவிட்டு சாம்பிள் எடுப்பது சுத்த வேஸ்ட்.

விஸ்காசிட்டிக்கு ஓர் எளிய கணக்கு. 15டபிள்யூ-40 என்பதில் உள்ள 40 என்றால் 100 டிகிரியில் 12.5-க்கும் 16.3-க்கும் நடுவில் சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும், 30 என்றால் 9.3-லிருந்து 12.5 வரை. 40 கிரேடு ஆயில் 11.5-க்கு வந்துவிட்டால் டீசல் கலந்து நீர்த்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள், இன்ஜெக்டர் ஒழுகலாம். டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போவதும் அதே கதைதான், ஆயில் குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பை எரிப்பதற்காக இன்ஜினே கூடுதலாக டீசல் தெளிக்கும், ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் அந்த டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கிவிடும். இப்படிப்பட்டவர்கள் எரிபொருள் கலப்பு டெஸ்ட்டைக் கட்டாயம் போடுங்கள். விஸ்காசிட்டி மேலே போனால் கரி, இல்லையென்றால் ஆயில் வெந்து கெட்டிப்பட்டிருக்கிறது.

டி.பி.என். என்பது ஆயில் இன்னும் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற கணக்கு. டீசல் ஆயிலில் புதிதாக 10 வாக்கில் இருக்கும், பாதிக்குக் கீழே போனால் மாற்றும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் ஆயிலை எவ்வளவு இழுக்கலாம் என்று பார்க்க எனக்கு ஆசை இல்லை, அதனால் இந்த வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

லேபுக்குத் தெரியாதது

ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பொடி மட்டும்தான் தெரியும், ஐந்து, எட்டு மைக்ரானைத் தாண்டிய துகள் அதன் கண்ணில் சரியாக விழாது. பேரிங் படிப்படியாகத் தேய்வது தெரியும், திடீரென்று செதில் செதிலாகப் பெயர்வது தெரியாமலும் போகலாம். அதற்கு லேபில் பி.க்யூ. என்று காந்தத்தை வைத்து ஒரு டெஸ்ட் உண்டு, ஆனால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது: கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அந்த அறுப்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும், ஃபில்டர் கட்டர் கிடைத்தால் நல்லது. காகித மடிப்பை வெட்டி எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பொன்னிறத்தில் மின்னினால் பேரிங் அல்லது புஷ். கண்ணுக்குத் தெரியும் அளவில் செதில் இருந்தால் லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது அறும் என்றோ, டர்போவின் ஆக்சுவேட்டர் சிக்குமா என்றோ ஆயில் சொல்லாது. வாங்கப் போகும் செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் இது அவ்வளவாக உதவாது, விற்பவர் நேற்றுதான் புது ஆயில் ஊற்றியிருப்பார்.

இன்னொன்றும் நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மெக்கானிக் உள்ளங்கையில் உணர்ந்த அந்தப் பேக் கம்ப்ரஷன், ரிங் வழியாக மட்டும்தான் வர வேண்டும் என்பதில்லை. இந்த டி-4டி இன்ஜினில் இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு சின்னச் செம்பு வாஷர் உட்கார்ந்திருக்கும். அது விட்டுப்போனால் எரியும் வாயு நேராக வால்வு கவருக்குள் வரும், கூடவே கரியும். அந்தக் கரி கெட்டியாகி சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், அடைத்தால் ஆயில் பிரஷர் போய் இன்ஜின் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள, உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி இது.

என் கடைசி மூன்று ரிப்போர்ட்டில் இரும்பு, சிலிக்கான் எல்லாம் அசையாமல் நிற்கிறது. கரி மட்டும் 1.1, 1.6, 2.1 என்று ஏறியிருக்கிறது. விஸ்காசிட்டி 14.3-லிருந்து 15.6. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேலே ட்சக் ட்சக்கென்று ஒரு சத்தமும் சேர்ந்திருக்கிறது, நான் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆயில் மாற்றியது 4,07,000-இல், இந்த முறை பத்தாயிரம் விடப்போவதில்லை, 4,12,000-இலேயே வடித்துவிடுவதாக முடிவு. நாலு இன்ஜெக்டர் வாஷரும், சீலும் வாங்கி வைத்தாயிற்று. அன்றைக்கே சம்ப்பையும் இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், வரும்போது ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார், பழையதையும் சேர்த்து.